ஒரு கிலோ நூற்றுத் தொண்ணூறு கிராம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முந்தைய நாள் நிகழ்ச்சி எடுத்த களைப்பில் மனைவி உள்ளறையில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தபோது, நான் அவளுடைய கணினியைத் திறந்து படம் திருடிக்கொண்டிருந்தேன். திருட்டு என்பது ஒரு பேச்சுக்குத்தான். அவள் மேடை நிகழ்ச்சிகளைப் படம் எடுப்பவள். நான் லென்ஸ்களைப் பற்றி பிளாகில் எழுதுபவன். அவள் படங்களில் பிடித்ததை எடுத்துப் போட்டுக்கொள்ளக் கல்யாணமான நாளிலிருந்தே எனக்கு அனுமதி உண்டு. வழக்கமாக அவளே தேர்ந்தெடுத்து, சிறிதாக்கி அனுப்பிவிடுவாள். அன்றைக்கு எழுப்ப மனம் வராமல் நானே உட்கார்ந்தேன். எங்கள் பெரிய லென்ஸை வாங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. 'ஒன்றரை வருடம் கழித்து' என்று ஒரு பதிவு எழுதுவதாக வாசகர்களிடம் வாயை விட்டிருந்தேன். அதற்குப் பத்துப் படம் வேண்டும், அவ்வளவுதான்.

பகலில் எனக்கு வேலை, எடைக்கற்களையும் அளவுகோல்களையும் சரிபார்த்து முத்திரை குத்தும் ஆய்வகம் ஒன்றில். அந்தப் புத்தி வீட்டுக்கு வந்தாலும் போகாது. எந்த லென்ஸ் கைக்கு வந்தாலும் முதலில் சமையலறைத் தராசில் வைத்துவிடுவேன். வாசகர்கள் எனக்கு வைத்த பெயரே 'தராசு'. எடை, விலை, நீளம், ஓரத்தின் கூர்மை, நடுவின் கூர்மை எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு அட்டவணை தயாரிப்பேன். கூர்மையைச் சோதிக்க எதிர்வீட்டின் பூசாத செங்கல் சுவர் இருக்கிறது. அதை நான் எடுத்திருக்கிற அளவுக்கு என் மாமனார் குடும்பத்தை எடுத்ததில்லை. எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் படியேறி வந்து, "சுவத்துல ஏதாவது விரிசல் தெரியுதா சார்?" என்று கவலையாகக் கேட்டார்.

மிரர்லெஸ் கேமரா வந்தபோது எல்லோரையும் போல நானும் ஏமாந்தேன். உள்ளே இருந்த கண்ணாடியைப் பிடுங்கியாகிவிட்டது, கேமரா இளைத்துவிட்டது, இனி லென்ஸும் இளைத்துவிடும் என்று நம்பினேன். ஃபுல் ஃப்ரேம் என்கிற பெரிய சென்சாரை நிரப்ப வேண்டுமென்றால் லென்ஸ் சாப்பிட்டுப் பெருத்துத்தான் ஆக வேண்டும். இளைத்த உடம்பின் மேல் குண்டுத் தலையை வைத்தது போல ஆயிற்று. முகங்களை எடுக்க உகந்த எண்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ் எங்கள் கேமராவுக்கு இரண்டு விதமாக வருகிறது. ஒன்று 1.8. நானூறு கிராம் சொச்சம், உள்ளங்கைக்குள் அடங்கும். இன்னொன்று 1.2. எண் குறையக் குறைய வாய் அகலம் என்று அர்த்தம்; இருட்டிலும் இரண்டு மடங்கு வெளிச்சம் குடிக்கும், முகத்துக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் பாலாகக் கரைத்துவிடும். விலை சின்னதைப் போல ஐந்து மடங்கு. எடை ஒரு கிலோ நூற்றுத் தொண்ணூறு கிராம். நானே வைத்துப் பார்த்தேன்.

கடையில் அவள் சின்னதைத்தான் எடுத்தாள். அதை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன். கேமராவில் மாட்டி, கண்ணில் வைத்து, கீழே இறக்கி, மறுபடி கண்ணில் வைத்து, "இது போதும்ங்க. கையில இருக்கிறதே தெரியல" என்றாள். விற்பனையாளரும் தலையாட்டினார். நான்தான் குறுக்கே விழுந்தேன். தொழில் செய்கிறவள் அரைகுறையாக ஏன் வாங்க வேண்டும், சின்னது சமரசம், பெரியது முடிவு என்று கடை முழுக்கக் கேட்கும்படி ஒரு பிரசங்கம் செய்தேன். அவள் பெரியதைக் கையில் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்காகச் சிரித்த சிரிப்பு என்று அப்போது தெரியவில்லை. அந்த வாரமே பதிவு போட்டேன். 'எடை அதிகம் என்று முனகுகிறவர்கள் ஜிம்முக்குக் கட்டும் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்' என்ற வரிக்கு எக்கச்சக்கமான கைத்தட்டல்.

ஒவ்வொரு படத்தின் கோப்புக்குள்ளும் கேமரா ஒரு சீட்டு எழுதி வைக்கிறது. எந்த நாள், என்ன நேரம், எந்த லென்ஸ், வாய் எவ்வளவு திறந்திருந்தது எல்லாம் அதில் இருக்கும். அவள் எனக்கு அனுப்பும் படங்களில் மட்டும் அந்தச் சீட்டு இருக்காது. சிறிதாக்கும்போது கழன்றுவிடுகிறது என்பாள். எடைக்கல்லையே நம்பாதவன் அதை நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூலப்படத்தைத் திறந்து சீட்டைப் பார்த்தேன். 1.8 என்று இருந்தது. லென்ஸின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சின்ன லென்ஸின் பெயர். எங்களிடம் அந்த லென்ஸே கிடையாது.

முதலில் கேமராவைத்தான் சந்தேகப்பட்டேன். ஏதோ மென்பொருள் கோளாறு, தப்பாக எழுதுகிறது, இதை வைத்தே ஒரு பதிவு தேற்றலாம் என்றுகூடத் தோன்றியது. அடுத்த படத்தைத் திறந்தேன். அதுவும் சின்னது. அதற்கு முந்தைய நிகழ்ச்சி, அதற்கும் முந்தையது, நாடகம், பட்டமளிப்பு, கல்லூரி ஆண்டு விழா, எல்லாமே சின்னது. பின்னால் போய்க்கொண்டே இருந்தேன். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பரிசளிப்பு விழாவில் போய் நின்றது. அதில் பாதி வரை பெரிய லென்ஸ். அப்புறம் படமே இல்லை. அடுத்த வாரத்திலிருந்து சின்னது.

பெரிய லென்ஸில் எடுத்ததை மட்டும் காட்டு என்று கணினியைக் கேட்டேன். அந்த எட்டு மாதத்தில் அதிலும் படங்கள் இருந்தன. எல்லாம் வீட்டில் எடுத்தவை. நான் சாப்பாட்டு மேஜையில் தலையைச் சொறிந்துகொண்டு எழுதுகிறேன். நான் ஜன்னலோரம் செய்தித்தாள் படிக்கிறேன். நான் தராசில் எதையோ வைத்துக் குனிந்து பார்க்கிறேன். பின்னால் ஜன்னல் திரை பாலாகக் கரைந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அந்த லென்ஸை மாட்டி என்னைச் சுற்றி வந்து எடுக்கும்போது, பார்த்தாயா, லென்ஸ் மேல் எவ்வளவு ஆசை வந்துவிட்டது என்று நான் உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருக்கிறேன். எனக்குக் காட்டுவதற்காகவே மாட்டியிருக்கிறாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது கோபம்தான். அதுவும் அவள் மறைத்தாள் என்பதற்காக அல்ல. ஐந்து மாதத்துக்கு முன்னால் நான் ஒரு படம் போட்டிருந்தேன். மேடைக்குப் பக்கத்து இருட்டில் ஒரு நடிகை குனிந்து ஷூ கயிற்றைக் கட்டுகிறாள். ஒரு கன்னத்தில் மட்டும் வெளிச்சம். பின்னால் திரையும் கம்பங்களும் புகைபோலக் கலைந்து கிடக்கின்றன. அந்தக் கலங்கலின் மேல் சிவப்பு அம்புக்குறி போட்டு, 'இது 1.2 மட்டுமே தரக்கூடியது. சின்ன லென்ஸ்காரர்கள் கனவு காணலாம்' என்று எழுதியிருந்தேன். என் பிளாகிலேயே அதிகம் பேர் பார்த்த பதிவு அது. அதன் மூலப்படத்தையும் திறந்தேன். சின்னது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சின்ன லென்ஸுக்கு இவ்வளவு கலங்கல் எப்படி வந்தது என்பது எனக்குப் புரியாத விஷயமல்ல. ஆளை நெருங்க நெருங்கப் பின்னால் இருப்பது கரையும். இதைப் பத்து வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவன் நான். பீரங்கி மாதிரிப் பெரிய லென்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தால் யாராக இருந்தாலும் நிமிர்ந்து பார்ப்பார்கள். உள்ளங்கையளவு லென்ஸோடு இவள் போனபோது அந்த நடிகை நிமிரவே இல்லை. என் மனைவி இரண்டடி கூடுதலாக முன்னால் போயிருக்கிறாள். நான் அம்புக்குறி போட்டுக் கொண்டாடியது அந்த இரண்டடியை.

அந்தப் பதிவுக்கு ஒரு பேக்கரிக்காரர் எழுதிய கடிதம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. 'சார், அந்த ஷூ கயிறு படத்தைப் பாத்துட்டு ராத்தூக்கம் போச்சு. வீட்டம்மா கிட்ட பேசி, இந்த வருஷம் ஊர் சுத்தறது வேண்டாம்னு முடிவு பண்ணி, பெருசையே வாங்கிட்டேன். இனி எங்க போய் என்ன எடுக்கிறதுன்னு கேக்குறா. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல.' அதைப் படித்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். மனைவிக்கும் படித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "பாவம் அந்த அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

இவ்வளவும் ஓடி முடிந்த பிறகுதான் அவள் கை என் நினைவுக்கு வந்தது. வரிசையைக் கவனியுங்கள். கேமரா, என் பெயர், என் பதிவு, யாரோ ஒரு பேக்கரிக்காரர், எல்லாம் முடிந்து கடைசியில்தான் அவள் கை. எட்டு மாதமாக அவள் வலது கையில் ஒரு கறுப்புப் பட்டை கட்டியிருக்கிறாள். கட்டைவிரலின் அடியில் நரம்பு வீங்கியிருக்கிறது, கனமாக எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தண்ணீர் பக்கெட்டைத் தூக்கும்போது சுளுக்கியது என்று அவள் சொன்னாள். அன்றிலிருந்து வீட்டில் பக்கெட்டை நான்தான் தூக்குகிறேன். நண்பர்களிடம் இதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டும் இருக்கிறேன். அது போதாதென்று ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அவள் கிளம்புமுன் பெரிய லென்ஸின் முகத்தைத் துடைத்து, பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து, அவள் தோளில் மாட்டிவிடுவதும் நான்தான்.

அவள் எழுந்து வந்தபோது மணி நாலு. நான் கணினியை மூடியிருந்தேன். அவள் இடது கையால் டீ போட்டு, இடது கையால் வடிகட்டி, என் முன்னால் வைத்தாள்.

"படம் கிடைச்சுதா?"

"ம்."

"எந்தப் படம் எடுத்தீங்க?"

"இன்னும் எடுக்கல."

"நீங்க ஜன்னல் பக்கத்துல உக்காந்திருக்கிறது போடுங்க. அது நல்லா வந்திருக்கு. அது பெருசுல எடுத்தது" என்றாள்.

அந்த 'அது' என்ற சொல்லில் அவள் எனக்குக் கதவைத் திறந்து வைத்தாள் என்றே நினைக்கிறேன். அப்போ மத்ததெல்லாம் எதுல எடுத்த என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. "போடலாம்" என்றேன். டீ நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

திங்கட்கிழமை ஆய்வகத்தில் உணவு இடைவேளையில் ஒரு திருத்தம் எழுதினேன். 'ஷூ கயிறு படம் பெரிய லென்ஸில் எடுத்ததல்ல' என்பது வரை சுலபமாக வந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள். மனைவி என்னிடம் மறைத்தாள் என்று எழுத வேண்டும். ஏன் மறைத்தாள் என்று கேட்பார்கள். அங்கே வந்ததும் விரல் நின்றுவிட்டது. கேட்கவேண்டிய முதல் ஆள் நான்தானே. கேட்காமல் ஊருக்குத் திருத்தம் எழுதுகிறேன். அதை அழித்தேன். செவ்வாய்க்கிழமை அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு, அவள் ஒத்திகை எடுத்துக்கொண்டிருந்த நாடக அரங்குக்குப் போனேன். அவள் வேலை செய்வதை அதுவரை நான் பார்த்ததே இல்லை. படங்களைப் பார்த்தாலே போதும் என்று இருந்துவிட்டேன்.

பின்வாசல் வழியாக நுழைந்தால் முதலில் வருவது விளக்குகளை இயக்கும் அறை. அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் பலகை நிறைய பொத்தான்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றி அவள் சொல்லியிருக்கிறாள். லைட் அண்ணன் என்பாள். அவர் என் கையிலிருந்த சின்னப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "ரிப்பேர்காரரா? நேத்தே வருவீங்கன்னு தங்கச்சி சொல்லிச்சு" என்றார். பெட்டியில் இருந்தது என் மத்தியானச் சாப்பாடு. நான் தலையை ஒரு மாதிரி ஆட்டினேன். இல்லை என்று சொல்ல அரை நொடி போதுமாக இருந்தது. சொல்லவில்லை.

"அந்தச் சின்ன லென்ஸ்தான். உள்ள மோட்டார் கிர்ருனு சத்தம் போடுது. ரெண்டாங்கை சரக்கு இல்லையா. இப்ப அதுலதான் எடுத்துக்கிட்டு இருக்கு, முடிஞ்சதும் தரும். உக்காருங்க."

"வீட்டுக்குக் கொண்டு போறதில்லையா அவங்க?"

"இந்த அலமாரியிலதான் வச்சிட்டுப் போகும். வீட்டுக்காரர் பார்த்தா மனசு கஷ்டப்படுவாராம்." அவர் ஒரு பொத்தானைக் கீழே இறக்கினார். மேடையில் நீலம் படர்ந்தது. "அவரு பெரிய லென்ஸ் நிபுணராம். பார்த்துப் பார்த்து ஒண்ணு வாங்கிக் குடுத்திருக்காரு. தினமும் அதையும் சுமந்துக்கிட்டுதான் வருது. எடுக்கிறது என்னமோ இதுல."

பேச ஆள் கிடைத்தால் அவர் விடமாட்டார் போலிருந்தது.

"எட்டு மாசம் இருக்கும். இங்க ஒரு பரிசளிப்பு. வயசான டாக்டரம்மா ஒருத்தங்களுக்கு விருது. மேடை ஏறவே அஞ்சு நிமிஷம் ஆச்சு அந்தம்மாவுக்கு. கையில வாங்குற நேரம் பார்த்துத் தங்கச்சிக்குக் கை விட்டுப்போச்சு. கேமரா தொங்குது, தூக்கப் பார்க்குது, முடியல. இன்னொரு தடவை வாங்குங்கம்மான்னு கேக்க முடியுமா? அந்தம்மா இறங்கிட்டாங்க. விழா நடத்துனவங்க எல்லார் முன்னாடியும் கத்துனாங்க. இது அந்தப் படிக்கட்டுல உக்காந்து கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுச்சு. இந்தத் தொழில் இனிமே முடியாதுண்ணான்னு சொல்லிச்சு. நான்தான் ஒருத்தர் கிட்ட சொல்லி இந்தச் சின்னதை வாங்கிக் குடுத்தேன்."

அந்தச் சாயங்காலம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவள் வீட்டுக்குள் நுழைந்து பையை இறக்கக்கூட இல்லை. நான் மேஜையிலிருந்து திரும்பாமலே, "எல்லாம் 1.2ல எடுத்தியா, இல்ல பயந்துக்கிட்டு லென்ஸ் வாயைச் சுருக்கிட்டியா?" என்று கேட்டேன். "1.2லதாங்க" என்றாள். பக்கெட் கதையை மறுநாள் காலையில் சொன்னாள். ஒரு ராத்திரி முழுக்க யோசித்து எனக்கு வலிக்காத மாதிரி ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

"அந்தாளு ஒரு தடவை வந்து பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார் லைட் அண்ணன். குரலில் குத்தல்கூட இல்லை.

நான் எழுந்து, அறையைத் தாண்டி அரங்கின் கடைசி வரிசைக்குப் போய் நின்றேன். கீழே மேடையருகே அவள் இருந்தாள். நடிகர்கள் வசனத்தை நிறுத்தி நிறுத்திப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்களுக்கு நடுவே போவதும் வருவதுமாக இருந்தாள். ஜூம் இல்லாத லென்ஸ். தூரத்தைக் காலால்தான் கூட்டிக் குறைக்க வேண்டும். ஒரு முழங்காலில் உட்கார்ந்தாள், எழுந்தாள், பக்கவாட்டில் நகர்ந்தாள், யாருடைய கண்ணிலும் படாமல் ஒருவனுடைய தோளுக்குப் பக்கத்தில் போய் நின்று எடுத்தாள். கேமரா அவள் இடது உள்ளங்கையில் ஒரு எலுமிச்சம்பழம் போல இருந்தது. எத்தனையோ அட்டவணை போட்டிருக்கிறேன், இதற்கு ஒரு கட்டம் ஒதுக்கியதில்லை. என்னை மன்னித்துவிடு என்று முதலில் சொல்லிவிட வேண்டும், விளக்கமெல்லாம் அப்புறம் என்று முடிவு செய்துகொண்டு, நடுப்பாதையில் இறங்க ஆரம்பித்தேன்.

நாலைந்து படி இறங்கியிருப்பேன். ஒத்திகை ஒரு நிமிடம் நின்றது, அரங்க விளக்குகள் எரிந்தன. அவள் திரும்பினாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. நிஜமாகவே மலர்ந்தது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அடுத்த கணம் அவள் கண் தன் கையிலிருந்த கேமராவுக்குப் போனது. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பையருகே குனிந்தாள். நான் நின்றுவிட்டேன். அவள் தோள்கள் அசைவதிலிருந்து என்ன செய்கிறாள் என்று தெரிந்தது. சின்னதைக் கழற்றி, ஒரு துணிக்கடியில் தள்ளி, பெரியதை மாட்டித் திருகினாள்.

நிமிர்ந்தபோது இடது கையால் லென்ஸை அடியிலிருந்து தாங்கியிருந்தாள். கறுப்புப் பட்டை கட்டிய வலது கை கேமராவைப் பிடித்திருந்தது. கட்டைவிரல் மட்டும் தனியாக நடுங்கியது. அவ்வளவு தூரத்திலிருந்தும் எனக்குத் தெரிந்தது. சிரித்துக்கொண்டே அதைக் கண்ணுக்கு உயர்த்தினாள். அந்தப் பெரிய கண்ணாடி என் பக்கம் திரும்பியது.

"அப்படியே நில்லுங்க" என்றாள்.

கீழே வை, எனக்கு எல்லாம் தெரியும் என்பது தொண்டை வரை வந்தது. மேடையில் பத்துப் பேர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அசைந்தால் அவள் காத்திருக்க வேண்டும், காத்திருக்கும் நேரமெல்லாம் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒரே படத்தில் முடியட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணைக்கூட இமைக்காமல் நின்றேன்.

அவள் கேமராவின் பின்பக்கத்தைப் பார்த்தாள். "நல்லா வந்திருக்கு" என்றாள். பிறகு மறுபடியும் உயர்த்தி, "இன்னொண்ணு" என்றாள்.